சலோனிக்காவில் ஒரு ஏலே

கிரீஸ் தேசத்துச் சலோனிக்காவுக்கு வந்த மூன்றாம் நாள், மேட்டுத் தெருவில் பராக்குப் பார்த்தபடி நடந்த சின்னக்கருப்பை யாரோ "ஏலே" என்று கூப்பிட்டார்கள். கூடலூர்க்காரனை இந்தச் சீமையில் ஏலே போட யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கும் முன்பே அவன் கால்கள் நின்றுவிட்டன. "இந்தா வந்துட்டேன்" என்று வாய் சொல்லியும்விட்டது.

கூப்பிட்டவள் மாடியில் நின்ற ஒரு வெள்ளைக்காரி. தெருமுனையில் கதையளந்துகொண்டிருந்த தன் புருஷனைத்தான் அழைத்திருக்கிறாள். அவனும் சிரித்துக்கொண்டே ஓடினான். கட்டியவனை நடுத்தெருவில் ஏலே என்கிறாளே என்று இவனுக்குத் திக்கென்றது. இந்த ஊர்ப் பேச்சில் 'எலா' என்றால் வா என்று அர்த்தமாம். முகாமில் பிறகுதான் சொன்னார்கள்.

சண்டையில் உடைந்த பாலங்களைக் கட்ட அவன் பட்டாளம் வந்திருந்தது. ஊரோ இன்னும் முழுசாக விழிக்காத ஊர். கடலிலிருந்து ஏறும் மூடுபனியில் டிராம் வண்டி மணியோசையாக மட்டும் வந்து போகும். கறுப்புடுத்திய பெண்கள் சுவரோரமாக நடந்து சட்டென்று காணாமல் போவார்கள். தானும் யாருடைய கனவிலோ நடப்பதாக அவனுக்குத் தோன்றும்.

அந்தக் கூப்பாடு மட்டும் நிஜமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வயலுக்கு முறைத்தண்ணீர் பாய்ச்சும் தகராறில், ஊர் பார்க்க அண்ணன் மலைச்சாமியைக் கைநீட்டி அடித்தான். மறுநாள் அவன் ஏறிய பஸ்ஸின் பின்னால், "ஏலே, நில்லு" என்று அண்ணன் ஓடிவந்தார். இவன் கழுத்தைத் திருப்பவில்லை. பட்டாளத்தில் சேரும்போது தனக்கு யாருமில்லை என்று சொல்லிப் பதியவைத்தான். அன்றைக்குத் திருப்பாத கழுத்து எவளோ எவனையோ கூப்பிட்டதற்குத் திரும்பிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அன்று சாயங்காலம், பட்டாளத்தில் எழுதத் தெரிந்த கூட்டாளியான கெங்குவார்பட்டி அழகரிடம் கடுதாசி எழுதச் சொன்னான். 'தேவரீர் அண்ணன் அவர்களுக்கு' என்று எழுதிய அழகரின் பேனா நின்றது.

"ஒனக்கு அண்ணன் இருக்காகளா?"

"இருக்காகளான்னு தெரியத்தாம்ப்பா எழுதச் சொல்றேன்."

"சரி. என்னன்னு எழுத?"

சின்னக்கருப்பு சொன்னான்: "நீங்க கூப்புட்டது காதுல விழுந்துச்சுண்ணே. இப்பத்தான் திரும்பிப் பாக்குறேன். அங்கன நிக்கிறீகளா?"

அழகர் எழுதி முடித்தபோது, கூடார வாசலில் இலவம்பஞ்சு போல வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதற்கு முன் பனி விழுந்து பார்த்ததில்லை. ஒன்று காற்றில் உள்ளே வந்து காகிதத்தை நெருங்கவும், அழகர் ஈரம் காயாத எழுத்துக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தான்.