பெரிய டீச்சருக்கு ஒரு கிளிப்

பெரிய டீச்சருக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார். அவரிடம் ஒட்டாத பிள்ளை என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்று கிடையாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறுகிற பிள்ளைகூட ஒரே வாரத்தில் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் வந்து வாய்த்தாள் வக்கீலம்மா.

ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டாள் என்று அவள் அப்பா வைத்த பெயர் வகுப்பிலும் நிலைத்துவிட்டது. திடீரென்று மணி அடித்தாலோ, எல்லோரும் ஒன்றாக நாற்காலியை இழுத்தாலோ அவளுக்குத் தாங்காது. மேசைக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பெரிய டீச்சர் குனிந்து, தங்கமே ராஜாத்தி என்று தேனொழுகப் பேசி அணைக்கப் போனால் அலறல் இன்னும் ஏறும்.

அவளுக்கு உதவியாக என்றுதான் சின்ன டீச்சரை வேலைக்கு எடுத்தார்கள். வந்ததும் வகுப்பின் பின்மூலையில் ஒரு பாய், இரண்டு திண்டு, சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் என்று ஒரு அமைதி மூலையை உண்டாக்கினாள். சுவரில் ஒரு கலர் போர்டு. நன்றாக இருந்தால் பச்சை, ஒரு மாதிரி இருந்தால் மஞ்சள், தாங்கவே முடியாவிட்டால் சிவப்பு. பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய துணிக் கிளிப்பைக் காலையில் அவர்களே மாட்ட வேண்டும்.

அதோடு நின்றாளா? தனக்கும் ஒரு கிளிப் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் அதை மஞ்சளில் மாட்டிவிட்டு, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, எரிச்சலாக இருக்கிறது, உங்கள் மேல் இல்லை என்று பிள்ளைகளிடமே சொன்னாள். டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று பெரிய டீச்சர் மனதுக்குள் கரித்துக் கொட்டினார். அவருக்கும் ஒரு கிளிப் எழுதவா என்று சின்ன டீச்சர் கேட்டபோது சிரித்துக்கொண்டே, "எனக்கு எதுக்கும்மா? நான் எப்பவும் பச்சைதான்" என்றார்.

இப்போதெல்லாம் மணி அடிக்கும் நேரம் நெருங்கினால் வக்கீலம்மா தானாக எழுந்துபோய்ச் சின்ன டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். சின்ன டீச்சரோ தட்டிக்கொடுப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. ஒரு கை தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு இத்தனை மவுசா என்று பெரிய டீச்சருக்கு வயிறு எரிந்தது. வீட்டில் எந்நேரமும் சின்ன டீச்சர் பேச்சுதான் என்று வக்கீலம்மாவின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று பூரித்தபோது, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய பெரிய டீச்சருக்கு வீடு போய்ச் சேரும்வரை தலைவலி.

பிறகு சின்ன டீச்சர் ஒரு நாள் லீவு போட்டாள். முந்தின நாளே வக்கீலம்மாவிடம் சொல்லி, தன் கிளிப்பைப் போர்டின் அடியில் ‘வீட்டில்’ என்று எழுதிய இடத்தில் மாட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். காலையில் முதல் ஆளாக வந்த பெரிய டீச்சரின் கண்ணில் அதுதான் பட்டது. ஆளே இல்லை, கிளிப் எதற்கு? கழற்றி டிராயருக்குள் போட்டார். இன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பிள்ளை தன்னிடம் வரட்டும் என்ற ஏக்கம். வேறொன்றும் இல்லை.

வக்கீலம்மா வந்தாள். போர்டைப் பார்த்தாள். தரையில் தேடினாள், அலமாரிக்குப் பின்னால் தேடினாள். எங்கேயாவது விழுந்திருக்கும் என்று பெரிய டீச்சர் சிரித்த முகத்தோடு சொன்னார். அவள் அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்தாள். அவ்வளவுதான், மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

பெரிய டீச்சரும் ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பேசாமல் இருந்தும் பார்த்தார். சிரிப்பை மட்டும் விடவில்லை. அலறல் நிற்கவில்லை. நடுவில் மூச்சு வாங்கியபோது பிள்ளை சொன்னாள்: "நீங்க சிரிக்கிறீங்க. ஆனா கோவமா இருக்கீங்க. எது நிஜம்னு எனக்குத் தெரியல."

பெரிய டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய்ப் பிள்ளை விலகி ஓடியது சத்தத்தைக் கண்டு மட்டும் இல்லை, தன்னையும் கண்டுதான். எழுந்துபோய் டிராயரைத் திறந்து கிளிப்பை எடுத்து இருந்த இடத்தில் மாட்டினார். புதுக் கிளிப் ஒன்றில் தன் பெயரை எழுதி மஞ்சளில் வைத்தார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். சின்ன டீச்சர் மேல எனக்குப் பொறாமை."

அழுகை விசும்பலானது. வெகுநேரம் கழித்துக் குறுக்கு விசாரணை தொடங்கியது.

"அப்ப விழுந்திருக்கும்னு சொன்னது பொய்யா?"

"ஆமா."

"பொறாமைக்கு மஞ்சளா, சிவப்பா?"

அது பெரிய டீச்சருக்கே தெரியவில்லை.

மறுநாள் சின்ன டீச்சர் உள்ளே நுழைந்ததும் வக்கீலம்மா எழுந்து நின்றாள். மதியம் விளையாட்டு வகுப்பு என்று சொல்கிற அதே குரலில், மொத்த வகுப்பும் கேட்க, "பெரிய டீச்சருக்கு உங்க மேல பொறாமை. அதான் உங்க கிளிப்ப டிராயர்ல போட்டுட்டாங்க" என்றாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பெரிய டீச்சருக்கு மானம் கப்பலேறிவிட்டது. பழக்கதோஷத்தில் உதட்டுக்குச் சிரிப்பு வந்தது. வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை விழுங்கினார். நடந்துபோய்த் தன் கிளிப்பை மஞ்சளிலிருந்து கழற்றிச் சிவப்பில் மாட்டிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சின்ன டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். மூலைக்குப் போய் ஹெட்போனை எடுத்துவந்து பெரிய டீச்சர் மடியில் வைத்தாள். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிவந்து, ஒரு கை தூரம் அளந்து போட்டு, உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஓரமாகப் பார்த்தார், சின்ன டீச்சர் இதைப் பார்க்கிறாளா என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.