கென் விட்டிங்காம் வாசித்த முன்னிசை

1

இந்தக் கதை ஜெயலீலா அக்காவின் காரில் கிடைத்தது. நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கதை எழுதும் எங்கள் மாலை வகுப்பு முடிந்து என்னை வீட்டில் விடப் போகும் வழியில், தன் கணவர் ஐசக் எழுதி மெட்டமைத்த கிறிஸ்தவப் பாடலின் கேசட்டைப் போட்டார். பாட்டுக்கு முன்னால் ஒரு கிட்டார் வந்தது. வீடு வருவதற்குள் பாட்டு மறந்துவிட்டது. கிட்டார் மறக்கவில்லை.

"இது யாரு வாசிச்சது, அக்கா?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரர். அந்தக் காலத்துல லண்டன்ல பெரிய பாடகருக்கெல்லாம் வாசிச்சவராம். ஏன், அதுதான் உனக்குப் பிடிச்சுதா? எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதே. மூஞ்சி தொங்கிப்போயிடும்."

(இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் கற்பனை. வெள்ளைக்காரருக்குப் பெயர் வைத்ததும் நான்தான்.)

2

தொடக்கங்கள்:

'அறுபதுகளில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் காலை, மதியம், மாலை என்று வாசித்துத் தள்ளிய கென் விட்டிங்காம்...' கலைக்களஞ்சியம் போல இருக்கிறது.

'உலகம் ஏமாற்றிய அந்த மேதை...' பொய். வில்லனைத் தேடிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். பாடகர் வந்து சேருமுன் கென் வாசித்துவிட்டுப் போய்விடுவார். பிறகு ரொட்டிக் கடை வானொலியில் தன் கிட்டாரைக் கேட்டுக்கொண்டே வரிசையில் நிற்பார். சொந்தமாகவும் பாட்டு எழுதினார். அவை பிரபல இசைத்தட்டுகளின் பின்பக்கத்தில் வந்தன. யாரும் திருப்பிப் போடவில்லை. ஒரு பாடகரோடு அமெரிக்காவுக்கு வந்தார். பாடகர் திரும்பிப் போனார். இவர் நியூ ஜெர்சியில் கல்யாணம் செய்துகொண்டு

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெம்பில்லை. ஐசக்கிடம் போகிறேன்.)

3

1998 நவம்பர். ஐசக் பகலில் மென்பொருள் எழுதுபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் நாற்காலி போடுபவன். அவனுடைய முதல் பாட்டு இது. ஸ்டுடியோவில் பாடிக் காட்டினான். கிட்டார் வாசிக்க வந்திருந்த கென் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டாவது வரி மூச்சு முட்டுது. இப்படி இறங்கிப் பாரு" என்று வாசித்தார். (ஆங்கிலத்தில்தான் சொன்னார்.)

இறங்கிப் பார்த்தான். அதுவரை தட்டையாகக் கிடந்த பல்லவி எழுந்து நின்றது. அந்த இறக்கத்தையே முன்னால் கொண்டுவந்து முன்னிசையாக்கினார். பதிவு முடிந்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்தார்.

"போட்டுக் கேட்கலையா?"

"வேண்டாம்ப்பா. கேட்டா ஆசை வந்துடும்."

4

கேசட் வெளியீட்டன்று சபை நிறைந்திருந்தது. ஐசக் மரியாதைக்கு அழைத்திருந்தான், கென் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் குழந்தைகள் வாயாலேயே கிட்டார் வாசித்துக்கொண்டு ஓடினார்கள்.

பாட்டு எழுதினவர் சாட்சி சொல்வது சபை வழக்கம். போதகர் மைக்கில் கூப்பிட்டார்: "பிரதர் ஐசக், இந்தப் பாட்டைக் கர்த்தர் உங்களுக்கு எப்படிக் கொடுத்தார்னு வந்து சொல்லுங்க!"

"ராகத்தோட முழுசாக் கொடுத்தார்னு சொல்லுங்க" என்று ஜெயலீலா கிசுகிசுத்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"முழுசாவா கொடுத்தார்?"

"ஐயோ, இப்போ போய் ஆராய்ச்சி பண்ணாதீங்க. எழுந்து போங்க!"

ஐசக் நடந்தான். நாற்காலி போடுகிறவனாக அல்லாமல் பாட்டுக்காரனாக இந்தச் சபை அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சாட்சியில் பொய் சொன்னால் அது யாரிடம் சொல்லும் பொய் என்றும் அவனுக்குத் தெரியும்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், 'பாதி மெட்டு கென்னுடையது' என்கிறான். சபை திரும்பிப் பார்த்துக் கைதட்டுகிறது. அடுத்த கேசட்டுக்கு நேராகக் கென்னிடம் போகிறார்கள்.

இன்னொன்றில், 'கர்த்தர் முழுசாகக் கொடுத்தார். கிட்டார் வாசித்த சகோதரர் கென்னுக்கும் நன்றி' என்கிறான். சபை திரும்பிப் பார்த்துக் கைதட்டுகிறது.

வகுப்பில் இரண்டையும் படித்தேன். எது நல்லது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. அசதியாக இருக்கிறது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். கடைசி வரிசையில் கென்னுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. உங்களை அங்கே உட்காரவைத்துவிட்டேன். ஐசக் பேசி முடித்துவிட்டான். தன் பெயர் காதில் விழுந்ததும், எல்லோரும் திரும்பியதும் கென்னுக்குத் தெரிகிறது. தமிழ் தெரியாது. உங்கள் பக்கம் சாய்ந்து கேட்கிறார்:

"என்னைப் பத்தி என்ன சொன்னான்?"