அடக்கத்துக்கு வைத்த சட்டை

மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாற்பது வருடம் எலக்ட்ரீஷியனாக ஊரெல்லாம் ஏணி ஏறியவர், "நம்ம வீடு மேல பரலோகத்துல இருக்கு. இங்க எனக்கு இனி என்ன வேலை?" என்று கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "ஏணி மட்டும் வேண்டாம், மத்தபடி தாராளமா வேலை பாருங்க" என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அடக்கத்துக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையை வேறு இஸ்திரி போட்டு அலமாரியில் தொங்கவிட்டார். வாரம் ஒருமுறை அதைத் தூசி தட்டுவதுதான் அவர் பார்த்த ஒரே வேலை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரலோகம் எனக்கும்தான் இருக்கிறது. அதற்காகச் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலா இருக்கிறேன்? ஆனால் உள்ளுக்குள் பயம். மனுஷன் உயிரோடு இருக்கும்போதே என்னை விட்டுப் போய்விட்டாரோ என்று.

கீழ் வீட்டு லாரி டிரைவர், ப்ளக் பாயிண்டில் பொறி பறக்கிறது, ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்று மூன்று தடவை வந்து கேட்டார். மூன்று தடவையும் இவர் விரலை மேலே காட்டிச் சிரித்து அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை டிரைவரின் மனைவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு அவருக்குப் பள்ளிக்கூட பஸ் வேலைக்கு இன்டர்வியூ. இஸ்திரி போடும்போது ப்ளக் படார்னு வெடிச்சுது. பயத்துல பெட்டியைச் சட்டை மேலேயே போட்டுட்டேன். நடு முதுகுல ஓட்டை. இருக்கிற நல்ல சட்டையே அது ஒண்ணுதான்."

நான் யோசிக்கவே இல்லை. அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர் காலி ஹேங்கரைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"அது என் அடக்கத்துக்கு வச்சதுடி!"

"அங்க போனா வெள்ளை அங்கி கிடைக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? கீழ் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு யார் கொடுப்பா? நீங்க அந்த ப்ளக்கைப் பாத்திருந்தா அவர் தன் சட்டையையே போட்டுட்டுப் போயிருப்பாரு. ஏதோ கிருபை, அந்தப் பொண்ணு கை தப்பிச்சுது."

அவர் ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு குனிந்து பையை வெளியே இழுத்தார்.

"மூணு தடவை கேட்டான். வெக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

டிரைவருக்கு வேலை கிடைத்தது. சட்டை துவைத்து, மடித்துத் திரும்பி வந்தது. மறுநாள் காலை இவர் அதையே மாட்டிக்கொண்டு பாக்கெட்டில் டெஸ்டரைச் செருகினார். எதிர் வீட்டில் காலிங் பெல் அடிக்கவில்லையாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கறை பட்டுடுமே. அது மேல போறதுக்கு வச்ச சட்டையாச்சே!" என்றேன், வேண்டுமென்றே.

"படட்டும். வேலையை முடிச்சுட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிக்கிறேன்," என்றபடி படியிறங்கினார்.