அடுத்த நான்கு இலக்கங்கள்

அடித்து உதைத்த கணவனிடமிருந்து தப்பி வந்த தங்கையை அக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி. வாசற்கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. தாழ்ப்பாள் கிடையாது, கதவில் துளை போட வீட்டுக்காரர் விடவில்லை.

அக்கா கணக்கு டீச்சர். தினமும் காலையில் கிளம்பும்போது பூட்டின் எண்ணை மாற்றிவிடுவாள். கணக்கில் வட்டத்துக்கு வரும் முடிவில்லாத 'பை' எண்ணின் இலக்கங்களை நான்கு நான்காக வெட்டி வரிசையாக வைத்தாள்: 3141, 5926, 5358...

"இது முடியவே முடியாதுடி. நம்ம ஆயுசுக்கும் போதும்," என்று சிரிப்பாள்.

அன்று மத்தியானம் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பூட்டு கீச்சிட்டது. வெளியே அழுத்தும் எண்கள் கதவின் உட்புறச் சிறு திரையில் தெரியும். 6264. முந்தாநாள் எண். சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னக்கா, மறந்துட்டியா?" என்றபடி எழுந்தாள்.

அடுத்து 3383. நேற்றைய எண். மறுபடியும் சிவப்பு.

"உங்க அக்கா அழுத்துறதை ரெண்டு நாளா மேல் படியில நின்னு பார்த்தேன்." அவள் கணவனின் குரல். கோபமே இல்லாமல், கொஞ்சலாக. "பை தானே? ஸ்கூல் பிள்ளைக்கே தெரியுமே. பழசை எல்லாம் சும்மா உன்னைக் கூப்பிடத்தான் அழுத்தினேன். இன்னைக்கு நம்பரும் தெரியும். நீயா திறக்குறியா?"

போன் உள்ளறையில் கிடந்தது. திரையில் 2 வந்தது. நிதானமாக, 7.

பாய்ந்துபோய், திரைக்குக் கீழே எண்ணை மாற்றும் பொத்தானை அழுத்தினாள். திரை வெறுமையானது. என்ன எண் வைப்பது? பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் அவனுக்குத் தெரியும். மண்டையில் பையைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்றைய எண்ணையே பின்னாலிருந்து அழுத்தினாள்: 5972. பச்சை எரிந்தது.

"விளையாடுறியா?"

அவன் மறுபடி முதலிலிருந்து அழுத்தினான்: 2795. மூன்றாவது தப்பு. பூட்டு ஊளையிட்டது. மாடிப்படி முழுக்க அலறல். அவன் கதவை உதைத்தான். நிலையிலிருந்து காரை உதிர்ந்தது. அவள் முதுகைக் கொடுத்து நின்றாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவனை மடக்கிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகும் அவள் கதவை விட்டு நகரவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"இனிமே நம்பரை நீயே வை. எங்கிட்டகூடச் சொல்லாத."

"அப்ப நீ எப்படி உள்ள வருவ?"

"தட்டுறேன். என் குரலைக் கேட்டுத் திற."

மறுநாள் சாயங்காலம் அக்கா தட்டினாள். "நான்தான்டி," என்றாள். குரல் அக்காவுடையதுதான். இருந்தும் தங்கை, "இன்னொரு தடவை சொல்லுக்கா," என்றாள்.