மனுவில் விட்டுப்போன கிணறு

எழுபத்தேழாம் வருஷத் தேர்தல். வேட்பாளர் வரப்போகிறார் என்று பந்தல்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் வாலிபர் மன்றம் அமர்க்களப்பட்டது. மன்றத்துக்கு மனு எழுதுபவன் கீழத்தெரு நல்லகண்ணு. எழுத்து அச்சுப்போல இருக்கும். அதனால் செயலாளர் ராஜகுரு வெற்றுத்தாளிலேயே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிடுவார்.

அன்று அவர் கொடுத்த குறிப்பை நல்லகண்ணு மூன்று தடவை படித்தான். தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று சந்தேகம். மன்றத்துக்கு ரேடியோ கேட்டிருந்தது, மேலத்தெருவுக்கு விளக்கு கேட்டிருந்தது. கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு மட்டும் குறிப்பில் இல்லை.

"அண்ணாச்சி, கிணறு விட்டுப்போச்சே?"

"தொகுதியைப் பிரிச்சதுல ஒங்க தெரு அந்தப் பக்கம் போயிருச்சுல்லப்பா. ஓட்டில்லாத தெருவுக்கு இவரு எதுக்குக் கிணறு தோண்டணும்?"

"அப்ப தோரணம் கட்ட மட்டும் எங்க தெரு இந்தத் தொகுதியா?"

ஏணிமேல் தோரணம் கட்டிக்கொண்டிருந்த கீழத்தெருச் சோலைச்சாமி சிரித்துவிட்டான். ராஜகுருவின் முகம் சுண்டியது.

"சொன்னதை எழுதுலே."

நல்லகண்ணுவின் அம்மா வெள்ளைத்தாய் விடியுமுன்பே இரண்டு மைல் நடந்து சுமந்து வரும் தண்ணீர் மதியத்துக்குக்கூடக் காணாது. ராஜகுரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த தாளை எடுத்து அவன் முதல் கோரிக்கையாகக் கிணற்றை எழுதினான்.

தெருமுனையில் ஜீப் வந்து நின்றது; கூட்டம் கூடியது. ராஜகுரு தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"ஏலே, அடிலே அதை!"

"நீங்களே அடிங்க அண்ணாச்சி. கீழ இருக்கிறது ஒங்க கையெழுத்து."

நல்லகண்ணு பேனாவை நீட்டினான். வேறு தாளும் இல்லை, நேரமும் இல்லை. வேட்பாளர் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"சத்தமாப் படிங்க அண்ணாச்சி," என்றான் நல்லகண்ணு. "கூட்டத்துக்கும் கேக்கட்டும்."