இருபத்தேழு மாதத் துக்கம்

"கத்தாதேக்கா, உள்ள கேக்கும்!"

"நல்லா கேக்கட்டும்! அம்மா போய் நாப்பது நாளாச்சு. துக்கத்துக்குச் சணல் துணி உடுத்தாம நீல அங்கியில மினுக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

தலைநகரத்து அரசக் கல்விச்சாலை வாசலில், படகிலிருந்து இறங்கிய கையோடு தம்பி லுவோ கைஷுவைப் பிடித்துக்கொண்டாள் ஜின்ஏ. எங்கள் சந்தே திரண்டுவிட்டது. இதைவிட வேறென்ன வேலை?

சாவுச் செய்தி வந்த கடிதத்தை அவன் அன்றே அடுப்பில் போட்டிருந்தான். பெற்றவர் இறந்தால் இருபத்தேழு மாதம் துக்கம். அதுவரை அரசுப் பதவிக்கான தேர்வு எழுத முடியாது. தேர்வுக்கோ பன்னிரண்டே நாள். மூன்று முறை தோற்றவன், வயது முப்பத்தைந்து. இந்த முறை தேறினால்தான் கொழுக்கட்டைக் கடை பாங் அம்மாள் தன் மகள் ஹுயிலானைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாங் அம்மாளே மாவுக் கையோடு முன்னால் வந்தாள். "துக்கத்துல கறியே தொடக் கூடாதே! நேத்து எங்க கடையில பன்னிக்கறிக் கொழுக்கட்டை பதினாறு உள்ள போச்சே, மாப்பிள்ளை! இன்னொரு தட்டு வேற கேட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். கைஷுவுக்குக் காது நுனிவரை எரிந்தது. பதினாறும் ருசியாகத்தான் இருந்தன. அதை நினைத்தபோதுதான் அவனுக்கு உயிரே கூசியது.

கண்காணிப்பாளர் யின் வெளியே வந்தார். நல்ல மாணவனை இழக்க அவருக்கு மனமில்லை. "செத்தது யாரும்மா? தூரத்து அத்தைதானே?" என்றார். தூரத்து அத்தை என்றால் தேர்வுக்குத் தடையில்லை.

ஜின்ஏ தம்பியின் முகத்தைப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "ஆமாங்கய்யா. அத்தைதான்."

அம்மாவுக்காகச் சண்டைக்கு வந்தவள், ஊரே கேட்ட பிறகும், அவனுக்காக அம்மாவை அத்தையாக்கிவிட்டாள். கைஷுவால் தலை நிமிர முடியவில்லை. மெல்ல மாணவர் தொப்பியைக் கழற்றினான்.

"பெத்த அம்மாதான் ஐயா. கடிதம் வந்துச்சு. நான்தான் எரிச்சேன்."

யின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைஷுவுக்குப் பிரம்படி விழுந்தது; பெயரும் தேர்வுப் பட்டியலிலிருந்து போனது.

ஹுயிலான் அந்தக் குளிர்காலமே ஒரு மைக்கட்டி வியாபாரியைக் கட்டிக்கொண்டாள். கைஷு அக்காவோடு தெற்கே போனான். துக்கம் முழுசாகக் காத்து, பிறகு ஓர் உப்பு வண்டிக்காரரின் விதவை மகளை மணந்து, அவர்கள் ஊருக்கே குடிபோய்விட்டானாம்.