எட்டாவது வால்வு

“தூக்குங்கப்பா” என்று மச்சினன் சொன்னதும் நான்கு பேர் குனிந்தார்கள். கணக்கர் எழுந்து வந்து இன்ஜின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“யாராவது கை வச்சீங்க, நடக்கிறதே வேற.”

நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், பியூனைக்கூட அதட்டியதில்லை. சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

முன்னறையின் நடுவே, இரும்புத் தாங்கியின்மேல், மேல்மூடி இல்லாமல் நின்றது அந்த வேன் இன்ஜின். வேன் தெருவில் வயிறு காலியாக நின்றது. அவர் மனைவி அதில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள். இன்ஜின் போய்விட்டது, விற்றுவிடு என்று ஊரே சொன்னபோது, “பழுது பாக்கத் தெரியாதவங்கதான் விப்பாங்க” என்று வீட்டுக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாகப் பிரித்துப் பூட்டினாள். இன்று விடியற்காலையில் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. பதினொரு மணிக்குக் கொண்டுவருகிறார்கள்.

“மாமா, எங்கக்காவ எங்க கிடத்துறது?” என்றான் மச்சினன். “இது நடுவுல இருந்தா நாலு பேர் வந்து நிக்க வேணாமா?”

“சோபாவத் தூக்கி வெளிய போடு.”

“பழைய இரும்புக்காரர் வாசல்லயே நிக்கிறாரு. இன்னிக்குப் போகலன்னா இது என்னிக்கும் போகாது.”

“போக வேணாம்னுதான் சொல்றேன்.”

இதுவரை மூலையில் அழுதுகொண்டிருந்த கணக்கரின் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கையில் ஒரு மாத்திரை டப்பா. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறைகள்.

“இதப் பாருடா. மாத்திரை டப்பால இரும்பப் போட்டு வச்சிருக்கா. எப்படிடா உயிர் தங்கும்? இந்தச் சனியன்தான் அவளத் தின்னுருச்சு.”

“மாத்திரைய நான் கையில குடுத்தேன்க்கா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளை தப்பல.” அவர் குரல் உடைந்தது, உடைந்ததோடேயே பேசினார். “எது அவளக் கொன்னுதுன்னு டாக்டரக் கேளு. இதச் சொல்லாத. கடைசி மூணு மாசம் அவ சிரிச்சா. அதுக்குக் காரணம் இதுதான், நானில்ல.”

அக்கா டப்பாவை நீட்டினாள். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

டப்பாவில் இருந்தவை எஃகு வில்லைகள். கோட்டுப் பொத்தான் அளவு. ஒவ்வொரு வால்வின் தலையிலும் ஒரு வில்லை உட்காரவேண்டும். வால்வை அமுக்கும் தண்டுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வில்லையின் கனம்தான் முடிவுசெய்யும். இடைவெளி தலைமுடி அளவு கூடினால் இன்ஜின் கடகடக்கும், குறைந்தால் வால்வு கருகும். எட்டு வால்வு, எட்டும் வெவ்வேறு கனம். அவள் அளந்து சொன்னாள், அவர் நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்தார். அந்தக் கணக்குப்படி வாங்கிவந்து திங்கள் முதல் ஞாயிறு வரை அடுக்கினார்கள். எட்டாவதற்கு நாள் கிடைக்காமல் ஒரு பாட்டில் மூடியில் வைத்தார்கள்.

நேற்று மாலை அதில்தான் சண்டை வந்தது. அவள் கை மூட்டு வலிக்கிறதென்று அவரே நான்கு வில்லைகளைப் போட்டார். அவள் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தாள். ஒன்றுகூடச் சரியில்லை.

“எந்தப் பக்கத்துலேருந்து எண்ணுனீங்க?”

“இடது பக்கத்துலேருந்து.”

“உங்க இடதா, என் இடதா?”

இன்ஜினுக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலி, இந்தப் பக்கம் அவர் சோபா. மூன்று மாதமும் எதிரும் புதிருமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நோட்டின் தலைப்பில் ‘எண்ணிக்கை சரியே’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். “கையெழுத்துப் போட்டா வால்வு கேட்டுக்குமா?” என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். அவள் வாயிலிருந்து அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

“வெளிய போய் நில்லுங்க எல்லாரும்” என்றார் கணக்கர். “இது முடியாம இந்த அறையில ஒண்ணும் அசையாது.”

“சரி மாமா, பதினோரு மணி வரைக்கும் வச்சுக்கங்க. அப்புறம்...”

“நீ யார்றா எனக்கு நேரம் குடுக்க? இரும்புக்காரர அனுப்பிட்டு வா.”

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே போனான். கணக்கரின் அக்கா மட்டும் போகவில்லை.

அவர் முதன்முறையாக மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. அவள் இடது கைப் பக்கம் விசிறி, வலது கைப் பக்கம் கியர்பெட்டி பூட்டுமிடம். விசிறிப் பக்கம்தான் முதல் சிலிண்டர். ஒன்று அங்கேதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். இதைச் சொல்லத்தான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

“சண்டாளி” என்றார். கண்ணீர் வில்லைமேல் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நேற்றுப் போட்ட நான்கையும் கழற்றினார். இன்ஜினை ஸ்பேனரால் மெல்லச் சுற்றி, வால்வை அமுக்குக் கம்பியால் அழுத்திப் பிடித்து, வில்லையை உள்ளே தள்ளினார். விரல் முட்டியில் தோல் உரிந்தது. தகட்டைச் செருகினார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் லேசான பிடிப்போடு போகவேண்டும் என்பாள். போனது. “ஒண்ணு. பாயிண்ட் மூணு” என்று வால்வின் எண்ணையும் மில்லிமீட்டரில் இடைவெளியையும் வாய்விட்டுச் சொன்னார். சொல்வதுதான் அவர்கள் வழக்கம். ஒருவர் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் நோட்டில் ஏறும். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. எழுதாமல் அடுத்ததற்குப் போனார். ஏழுவரை அப்படியே, எண்கள் வாயோடு நின்றன.

வாசலில் ஹாரன் கேட்டது. மச்சினன் ஓடிவந்தான். “மாமா, வந்துட்டாங்க!”

“ஒரு வால்வு பாக்கி.”

“அக்கா வெளிய இருக்கு மாமா!”

“இருக்கட்டும். அவளக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவா.”

அவன் கணக்கரின் அக்காவைப் பார்த்தான். அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். “ரெண்டு நிமிஷம் பொறு” என்றாள்.

பாட்டில் மூடியிலிருந்த வில்லையை எடுத்தார். அழுத்தினார், தள்ளினார். தகடு உள்ளே போனது, பிடித்துக்கொண்டு போனது.

“எட்டு. பாயிண்ட் மூணு.”

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எட்டு” என்றாள் அக்கா, கதவருகிலிருந்து. “பாயிண்ட் மூணு.”

அவர் எழுதினார். பிறகு ஒன்றிலிருந்து ஏழுவரை வரிசையாகச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதி முடித்து, தலைப்பில் இருந்த ‘எண்ணிக்கை சரியே’ என்பதை ஒரே கோட்டால் அடித்தார். அடித்த இடத்தில், அலுவலகத்தில் திருத்தம் செய்தால் போடுவதுபோல், சுருக்கொப்பமும் தேதியும் போட்டார்.

“கதவத் திற” என்றார்.